ஆறு பகல், ஐந்து இரவு

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில்
கிளட்ச் பிளேட் விற்கும் கடைக்கு மேல்மாடி
எங்கள் டிராவல்ஸ்.
படியேறுகிறவர்களுக்கு முதலில் கிரீஸ் வாசனை,
பிறகு பசிபிக்.

சுவரில் ஒரு தீவு.
தண்ணீரில் கால் நனைத்து நிற்கும் ஓலைக்குடில்கள்.
ஓலை மட்டும் பிளாஸ்டிக்,
யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

வேதாச்சலம் சார் வந்தது புரட்டாசியில்.
முப்பத்திரண்டு வருடம் அனல்மின் நிலையம்,
கொதிகலன் பிரிவு.
அந்த வருடங்களில் எங்கள் மொட்டைமாடித் துணியில்
மெல்லிசாகச் சாம்பல் படியும்.
இரண்டு உதறு உதறினால் போய்விடும்.
கூடவே இந்திராணி அம்மா, மடியில் துணிப்பை.
"இன்னும் கொஞ்ச வருசத்துல மூழ்கிடுமாம்மா,
பேப்பர்ல போட்டிருந்தான்.
அதுக்குள்ள ஒரு தபா பாத்துடணும்."
ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் என்பதுபோல் சொன்னார்.

"கடல் பார்த்த ரூமுக்குப் பதினெட்டாயிரம் கூட, சார்."
என் வீடும் கடல் பார்த்ததுதான்.
முன்பு நடுவில் இரண்டு தெரு இருந்தது.
ஒன்றின் பெயர் இன்னும்
ரேஷன் கார்டில் இருக்கிறது.

அந்தப் பக்கம் முன்பதிவு பார்ப்பவள் மெரே.
எனக்கு மாலை நான்கென்றால் அவளுக்கு இரவு பத்தரை.
படகு எத்தனை மணிக்கு,
சௌகார்பேட்டைக்காரர்களில் வெங்காயம் பூண்டு
சேர்க்காதவர்கள் எத்தனை பேர்,
ஒரு வருடமாக இதுதான் பேச்சு.
ஒருநாள் கைதவறி ஒரு படம் அனுப்பினாள்.
சாப்பாட்டுக் கூடத்தில் கணுக்கால் தண்ணீர்.
மிதக்கும் ஒரு நாற்காலி.
மணல்மூட்டை தூக்கும் சமையல்காரர்கள்.
உடனே அழித்தாள். பார்த்துவிட்டேன்.
"பௌர்ணமி" என்று எழுதினாள்.
"விருந்தாளிகள் எழுவதற்குள் துடைத்துவிடுவோம்."

பதிலுக்கு எங்கள் கல்சுவரை அனுப்பினேன்.
லாரி லாரியாய்க் கொட்டிய கருங்கல்,
இடுக்கில் நண்டு, பிராந்தி பாட்டில்,
கரைந்தது போக மீதிப் பிள்ளையார்.
ஞாயிற்றுக்கிழமை ஜனம் வந்து
மேலே ஏறி நின்று செல்ஃபி எடுக்கும்.
"அழகான இடம்" என்றாள் மெரே.
"ரூம் என்ன வாடகை?"
கேலியா, தொழில் பழக்கமா,
இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இங்கிலீஷில்
கண்டுபிடிக்க முடியவில்லை.

காப்பீட்டுத் தாளின் ஒன்பதாம் விதியை
சாருக்குப் படித்துக் காட்டினேன்:
கடல் தானாகச் செய்வதற்குக் கம்பெனி பொறுப்பல்ல.
"நியாயம்தானே" என்று கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் திரும்பப் படியேறினார்.
கறுத்திருந்தார். சட்டை முழுக்கச் செம்பருத்தி.
எனக்கு ஒரு சோழி மாலை.
"எல்லாம் ஃபஸ்ட் கிளாஸ்மா. ஆனா
மூழ்கற மாதிரி ஒண்ணும் தெரியலியே.
கரையில குச்சி நட்டுவெச்சு
அஞ்சு நாளும் பாத்தேன்.
குச்சி அப்பிடியே இருந்துச்சு."
பணத்தைத் திரும்பக் கேட்பாரோ என்று பயந்தேன்.
கேட்கவில்லை.
ஐந்து நட்சத்திரத்தில் நான்குக்கு மை தடவினார்.

இந்திராணி அம்மாதான்,
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு:
"அங்க ரூம் பெருக்குற பொண்ணுங்க
செருப்ப அலமாரி மேல வெச்சுட்டுத் தூங்குதுங்க.
ஏன்டீன்னு கேட்டேன், சைகையிலதான்.
சிரிச்சுதுங்க."
சார் வாசலில் குடையை உதறிக்கொண்டிருந்தார்.

அன்று இரவு பதினொன்றுக்கு மெரேவுக்கு எழுதினேன்:
நீயும் செருப்பை மேலே வைப்பாயா?
அவளுக்கு விடிகிற நேரம்.
வெகுநேரம் எழுதினாள், நிறுத்தினாள், எழுதினாள்.
வந்தது இது:
"அடுத்த மாதம் பதினாறு பேர்.
வெங்காயம் பூண்டு இல்லாமல் எத்தனை?"

எண்ணினேன். ஏழு.
அனுப்பிவிட்டு எழுந்து
வாசலில் கிடந்த நான்கு ஜோடியையும்
ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றினேன்.