கடைமடை

மேட்டூரில் ஜூனில் திறந்தால்
எங்கள் தலைஞாயிறுக்குத் தண்ணீர் வந்துசேர
ஆடி பிறந்துவிடும்.
சில வருடம் வராமலும் போகும்.
ஃபைபர் கேபிள் மட்டும்
சொன்ன தேதிக்கு முந்தின நாளே வந்துவிட்டது.
அதன் நுனியில் உட்கார்ந்திருக்கிறேன்,
ஆறு வருடமாக.

ஓஹியோவில் யாருக்கோ மூட்டு வலிக்கும்.
மருத்துவர் எழுதியதைப் படித்து
நோய்க்கு உரிய எண்ணைப் போட வேண்டும்.
ராத்திரி ஏழு முதல் விடிகாலை நாலு வரை
மணிக்குப் பதினெட்டுச் சீட்டு.
குறைந்தால் திரையில் மஞ்சள்,
இன்னும் குறைந்தால் சிவப்பு.
மூத்திரத்தை அடக்கக் கற்றுக்கொண்டேன்.
பிறகு, அடக்கும் தேவையே வராதபடி
தண்ணீர் குடிக்காமலிருக்கவும்.

உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்பார்கள்.
நான் உட்கார்ந்துதான் சம்பாதிக்கிறேன்.
மலை கரையவில்லை.
இடுப்பைச் சுற்றி ஏறிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்காரர் பாலகுரு, லஸ்கர்.
அரிச்சந்திரா நதிக் கரையில்
ஷட்டர் ஷட்டராக நடக்கிற மனுஷன்.
அவர் செருப்பு மூன்று மாதம் தாங்காது.
என் செருப்பின் அடியில்
கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு
இன்னும் இருக்கிறது.

கம்பெனி கொடுத்த கைக்கடிகாரம்
மணிக்கொருதரம் துடித்து
எழுந்து நில் என்கிறது.
கையை உதறினால் போதும், ஏமாந்துவிடும்.
ஞாயிற்றுக்கிழமை மதிவதனி
அதைக் கட்டிக்கொண்டு பாண்டி ஆடினாள்.
ஒன்பதாயிரத்து நாநூறு காலடி.
வாழ்த்து எனக்கு வந்தது.

மனசைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை.
அதுவும் எங்கோ உட்கார்ந்திருக்கிறது.
பிள்ளை கதை சொல்ல வந்தால்
எப்போது முடிப்பாள் என்று அவள் வாயையே பார்க்கிறேன்.
அடுத்த தெருப் பன்னீர் செத்துப்போனதைப்
பறை கேட்டுத்தான் அறிந்தேன்.
எழுந்து போகவில்லை.
அழுகையும் வரவில்லை.
பதினாறு நாள் கழித்து
ரசம் தாளிக்கும்போது வந்தது.

நேற்று ஒரு சீட்டு.
ஆண், ஐம்பத்திரண்டு, லாரி ஓட்டுநர்.
கணுக்கால் வீக்கம். உறக்கமின்மை. எதிலும் நாட்டமில்லை.
கடைசி வரியில்,
நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்.
இசட் எழுபத்திரண்டு புள்ளி மூன்று:
உடற்பயிற்சி இன்மை.
அடித்துவிட்டு, மேசைக்குக் கீழே குனிந்து
என் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.
குழி விழுந்தது.
அது மெதுவாக,
ரொம்ப மெதுவாக நிறைந்தது.

கெண்டைக்கால் என்று பெயர் வைத்தவன்
அது துள்ளிப் பார்த்திருக்கிறான்.
என்னுடையது சேற்றில் ஒதுங்கிய கெண்டை.
நெஞ்சில் திறந்துதான் விடுகிறார்கள்.
இடையில் எத்தனை தூர்,
எத்தனை ஆகாயத்தாமரை.
பாதம், எங்கள் ஊர்.

இரண்டு பத்துக்கு போன்.
"தண்ணி வந்துருச்சு. நம்ம மதகுல.
வந்து பாக்குறியா?"

எழுந்தேன்.
இடது கால் இல்லை.
சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
கொல்லைக்குப் பின்னால் காய்ந்த வாய்க்காலில்
நுரையையும் சருகையும் முட்டித் தள்ளி
வெடிப்பு வெடிப்பாக இறங்கி நிறைந்து
நண்டு வளைகளில் கொப்புளம் விட்டு
அது வரும் சத்தம்.
இன்னும் ஒரு தவளைக்கும் தெரியாது.
இங்கே குதிகாலில் முதல் ஊசி.
பிறகு நூறு. பிறகு கணக்கில்லை.
வலித்தது.
சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

திரையில் மஞ்சள். அப்புறம் சிவப்பு.
டீம் லீடர் ஜெனிட்டா கேட்கிறாள்:
"ஆறு நிமிஷமாக உங்களிடம் அசைவே இல்லை. எல்லாம் சரியா?"

பதில் எழுத உட்கார வேண்டும்.
நின்றபடியே குனிந்து
ஒற்றை விரலால் அடித்தேன்:
தண்ணீர் வந்திருக்கிறது.