முளைக்காத முளை

இந்த முகாமில் முளை அடித்தால்
முளைத்துவிடும்.
நட்டது மேலே வரக் கூடாது என்று
வேண்டிக்கொள்ளும் விவசாயம் எங்களுடையது.

திந்தூஃபுக்கு வெளியே, கல் பாலை.
மேலே ஒரு சாண் சரளை, உளிகூடப் பல்லிளிக்கும்.
கீழே சலித்த மாவு போல மணல்.
கம்பி மேலே வளையும், கீழே வழுக்கும்.
இரிஃபி ஊதுகிற இரவில்
ஒவ்வொன்றாகத் தலை தூக்கும்.
போன வைகறையில் என் கூடாரம்
நாஜெம் வீட்டுப் பட்டியின் மேல் கிடந்தது.
ஆடுகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

சிமெண்டில் கட்டை வார்க்கலாம் என்றார்கள்.
கட்டை ஒன்று நூற்றெண்பது தினார், தண்ணீர் தனி,
கூடாரத்துக்குப் பன்னிரண்டு.
பெருக்கிப் பார்த்தேன்.
பென்சிலைக் கீழே வைத்தேன்.
அரிசிச் சாக்கில் மணல் கட்டிப் புதைத்தோம்,
இரண்டு கோடையில் சாக்கு நூல் நூலாய்ப் போனது.

நான் வண்டிப் பட்டறையில் வெல்டிங் வைப்பவள்.
மினேத்து என்றால் யாருக்கும் தெரியாது,
சைலன்சர் மினேத்து என்று கேளுங்கள்.
தண்ணீர் லாரி ஒன்றின் ஓட்டைக் குழாயை
சாண் சாணாக அறுத்தேன்.
ஒரு முனை சாய்வெட்டு, பேனா நிப்பு மாதிரி.
நடுவுக்கு ஒரு விரல் முன்னே துளை.
துளையில் லேண்ட்ரோவரின் பழைய கைப்பிரேக் கேபிள்.
பின்வாயில் கம்பியைச் செருகி
கயிறு போகும் சாய்விலேயே
ஒன்றரை முழம் சம்மட்டியால் இறக்கு.
கம்பியை உருவு.
கேபிளைச் சுண்டு.

உள்ளே, யார் கண்ணும் எட்டாத இடத்தில்
குழாய் புரண்டு படுக்கும்,
பள்ளிக்கு எழுப்பினால்
மறுபக்கம் திரும்பிக்கொள்ளும் என் மகனைப் போல.
பிறகு அதை இழுக்க
மேலே இருக்கும் மண்ணையும் சேர்த்து இழுக்க வேண்டும்.

முதல் மூன்றும் புரளவே இல்லை, போன வழியே வந்தன.
ஐந்தாவதில் கேபிள் அறுந்து
லெஹ்பிபின் முழங்கையைக் கீறியது.
ஆறு, ஏழு பற்றி நான் பேசுவதில்லை.
ஒன்பதாவதில்
ரேஷன் தராசை மாட்டி ஜாக்கி வைத்துத் தூக்கினோம்.
முள் நூறைத் தாண்டி, முட்டி, நின்றது.
தராசு முனகியது. மண் முனகவில்லை.
விலை முப்பத்தைந்து தினார்,
என் கூலி காற்றோடு போனதாக வைத்தால்.

எம்பர்க்கா வந்தாள்.
ஆட்டினாள், உதைத்தாள்,
கயிற்றின் மேல் ஏறி நின்று பார்த்தாள்.
"நன்றாக இருக்கிறது. எப்படி எடுப்பது?"
எடுக்க முடியாது, அதற்குத்தானே இவ்வளவும் என்றேன்.
அவள் செருப்பைத் தேடி மாட்டினாள்.
"அப்படியென்றால் எனக்கு வேண்டாம்.
போகிற நாளில்
தோண்டிக்கொண்டு நிற்க நேரம் இருக்காது."

போகிற நாள்.
அவள் கடைசி மகள் பிறந்தது இங்கே.
அந்த மகளுக்கு மகள் பிறந்ததும் இங்கே.
சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.
வாய் நிறைய மணல்.

அன்றிரவு
ஜெனரேட்டர் நிற்பதற்குள்
குழாயின் வாலில் இன்னொரு துளை போட்டேன்.
அதில் வெறும் கட்டுக்கம்பி,
தரைக்கு மேலே மோதிரம் அளவுக்கு ஒரு வளையம்.
கேபிளைத் தளர்த்தி அதை இழுத்தால்
வால் நிமிரும், குழாய் நேராகும்,
பின்பக்கமாகவே வெளியேறும்.
காலையில் எம்பர்க்கா தானே ஒன்றை உருவினாள்,
குழாயை, என்னை, சரளையை
வரிசை தவறாமல் திட்டிக்கொண்டே.
"பன்னிரண்டு கொடு" என்றாள்.

இப்போது ஒன்று நாற்பத்தொரு தினார்.
ஆறு தினார் ஏன் கூடியது என்று
மற்ற முகாமிலிருந்து வந்தவன் கேட்டான்.
அந்தக் கம்பி இல்லாமலும் நிற்குமே என்றான்.
நிற்கும் என்றேன்.
குறைத்துக் கொடுக்கவில்லை.

இரண்டு இரிஃபி வந்து போயிற்று.
பதினாறு கூடாரங்களும் இருந்த இடத்தில் இருக்கின்றன.
வளையத்தை இதுவரை எவரும் இழுத்ததில்லை.
வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும்
எம்பர்க்கா குனிந்து
பன்னிரண்டுக்கும் கிரீஸ் தடவுகிறாள்.