நாலாம் துண்டு

அகளியில் அவறாச்சன் வீட்டு மாடி.
வியாழன் ராத்திரி, கஞ்சியும் பயறும் முடிந்ததும்
நாலு பேர் கூடுவோம்.
இல்ஸெ லாட்வியாக்காரி, எடைத் தராசோடு
மலையேறிக் குழந்தைகளைத் தேடிப் போகிறவள்.
தொமாஸுக்கு உருகுவே. கிணறு, குழாய்.
க்வபெனா கானா. நடக்காத பிள்ளைகளை
நடக்கவைக்கப் பார்க்கிறவன்.
நான் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள், துடியலூர்.
ஆனைகட்டி செக்போஸ்ட் தாண்டினால்
எனக்கும் வெளிநாடுதான் என்பேன்.
சிரிப்பார்கள். பாதி நிஜம்.

இருந்தது ஒரே நாவல்.
முன்னே வந்த யாரோ விட்டுப்போனது;
அட்டை இல்லை, அதனால் பெயரும் இல்லை,
ஜூன் மழை குடித்துச் செங்கல் கனம்.
வரிசையில் காத்திருந்தால் ஓணம் வந்துவிடும் என்று
இல்ஸெ ஆஸ்பத்திரி பிளேடை எடுத்து
முதுகில் கீறினாள்.
கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற வழக்கம் அவளுக்கு.
வெட்டியது அவள் கை,
சீட்டில் விழுந்தது முதல் துண்டு.

எனக்கு மூன்றாவது.
ஆகவே அந்தப் பெண்ணை நான்
விதவையாகத்தான் முதலில் பார்த்தேன்.
அவள் கல்யாணத்துக்குப் போனது
பதினைந்து நாள் கழித்து.
மாப்பிள்ளை சிரிக்கச் சிரிக்க
இலையில் கை வைக்க முடியவில்லை எனக்கு.

நாலாவதை க்வபெனா விடவே இல்லை.
உதடசையப் படிப்பான்,
மாத்திரை அட்டையை அடையாளம் வைப்பான்,
கேட்டால், இன்னும் கொஞ்சம்.

ஒரு விடிகாலை குமாசியிலிருந்து போன்.
அக்காவுக்கு முடியவில்லை.
கோயம்புத்தூர் முதல் பஸ்ஸில் ஏறிப் போனான்.
மூன்றாம் நாள் செய்தி:
மன்னியுங்கள், முடிவு என் பையில்.
வியாழன்தோறும் ஒரு பக்கம் அனுப்புகிறேன்.

எண்பத்தாறு பக்கம்.
தொமாஸ் கணக்குப் போட்டான்,
விசா முந்திக்கொள்ளும்.

தண்ணித் தொட்டி ஓரம் மட்டுமே சிக்னல்.
ஏணியில் ஒருவர் பின் ஒருவராக ஏறி
ஒரு செல்போனில் மூன்று தலை.
எழுத்துக்குப் பக்கத்தில் அவன் கட்டைவிரல்,
நகத்தில் பழைய வெள்ளைக் கீறல்.
ஒரு வாரம் பக்கத்துக்குக் கீழே
முத்திரை குத்திய ஆஸ்பத்திரி விரிப்பு.
மறுவாரமும் அதே விரிப்பு.
மூன்று வாரம்.

ஏழாம் வியாழன்
பக்கம் கிடந்தது ஒரு துணிமேல்,
கருப்பில் சிவப்பு.
எங்களுக்குத் தெரியும் அந்த நிறம்.
பங்குனியில் இங்கே ஒரு சாவுக்குப் போய்த் திரும்பும்போது
ஜீப்பில் அவனே சொன்னது.

பக்கத்தில் யாரும் சாகவில்லை.
அந்தப் பெண் ஒரு பழைய படகுக்கு
விலை பேசிக்கொண்டிருக்கிறாள்,
அடிப்பலகையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறாள்.
நான் சத்தமாகப் படித்தேன்.
முடிந்ததும் மறுபடி படிக்கச் சொன்னான் தொமாஸ்.
அவனே போனை வாங்கி என்னவோ எழுதி
அழித்தான். எழுதினான். அழித்தான்.
கீழே அவறாச்சன் மோட்டாரை நிறுத்த மறந்து
தொட்டி வழிந்து எங்கள் கால் நனைந்தது.

கடைசியில் இல்ஸெதான் அனுப்பினாள்:
படகை வாங்கினாளா?

வெகுநேரம் ஒன்றுமில்லை.
ஏணியில் பாதி இறங்கியிருந்தேன்.
அடுத்த வாரம், என்று வந்தது.