சுவரில் ஆணி அடிக்கக் கூடாது

வாடகை ஒப்பந்தத்தின் ஏழாவது வரி அது.
நான்காவது, தண்ணீர் மோட்டார். ஐந்தாவது, மீன்.
அவை இரண்டையும் மீறியாயிற்று.
ஏழாவதை மட்டும் மதித்து
இரண்டு வருஷமாகப் புத்தகங்கள் தரையில்,
ஊறுகாய் பீரோவில்,
சேலைகளோடு.

சுவரைத் தொடாமல் தானே நிற்கும்
ஓர் அலமாரி போதும்.
பலகை கிடைத்துவிட்டது:
ஏற்காட்டில் காப்பிச் செடிக்கு நிழலாய் நின்று
மிளகுக்கொடி சுமந்த சில்வர் ஓக்,
இருபது கொண்டை ஊசி வளைவும் லாரியில் இறங்கி
சூரமங்கலம் மில்லில் பலகையானது.
கம்ப்ரஸர், ரெஜினாவின் தம்பி
பைக்குகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தது.
பாக்கி, துப்பாக்கி.

"வீட்டுக்காரருக்கா?" என்றார்
செவ்வாய்ப்பேட்டைக் கடைக்காரர்.
வீட்டுக்காரருக்குத் தெரிந்தால்
காலி பண்ணச் சொல்லிவிடுவார், என்றேன்.
அவர் வேறொரு வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு
அனுதாபமாகத் தலையாட்டினார்.
நான் திருத்தவில்லை. விலை பேச வேண்டியிருந்தது.

மேசைமேல் மூன்று.
முதலாவது மஞ்சள். கைக்கு லேசு.
"விட்டுவிட்டு அழுத்தவே வேணாம் மேடம்,
தட்டத் தட்ட ஓடும்."
ஓடியது.
மரத்தில் மூக்கை வைக்கும் முன்பே
எதிர்ச்சுவர் நாட்காட்டியில் போய்த் தைத்தது,
அன்றைய ராகு காலத்தின்மேல், சரியாக.
கடைக்காரர் ஆணியைப் பிடுங்கிச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டாவது, எடையில் பாதி இரும்பாலை.
ஹோஸை மாட்டிக் காதருகே பிடித்தேன்.
பல்லிடுக்கில் யாரோ புறணி பேசுகிற மாதிரி
மெலிதாய் ஒரு ஸ்ஸ்.
"புதுசுல அப்படித்தான், போகப்போகச் சரியாயிடும்."

நான் டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்கிறவள்.
பகலெல்லாம், பல ராத்திரியும்,
குழாய், அழுத்தம், இணைப்பு.
கசிவு எதுவும் போகப்போகச் சரியானதாய்
எந்த ரிஜிஸ்தரிலும் நான் எழுதியதில்லை.
அலறுகிற மெஷின்கூடப் பயமில்லை.
அலற வேண்டிய நேரத்தில்
சும்மா இருக்கிறதே, அதுதான்.

மூன்றாவது சாம்பல் நிறம். பெட்டி நசுங்கியிருந்தது.
மரத்தில் வைக்காமல் விசையை இழுத்தேன்:
மாட்டேன் என்றது.
மறுபடி இழுத்தேன். மாட்டேன்.
வைத்து அழுத்தி இழுத்தேன்: டக்.
விரலை எடுக்காமல் காத்திருந்தேன்.
அடுத்தது வரவில்லை.
ஆணியின் தலை தோலுக்குச் சற்றுக் கீழே,
ஓர் எறும்பு எட்டிப்பார்க்கலாம், அவ்வளவு பள்ளம்.

"இதுக்கு ஓ-ரிங் கிடைக்குமா?"
"நாளைக்கேவா போயிடப்போவுது?"
"போறன்னைக்குக் கிடைக்குமா?"
அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.
"தினகரா, அந்த பிஸ்கட் டப்பாவ எடு."
டப்பா நிறையக் கறுப்பு வளையங்கள்,
வாட்ச் ஸ்ட்ராப் கிழிசல் ஒன்று, பழைய ரசீதுகள்.
அந்த டப்பாவைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அம்மாபேட்டை. மாலை நாலு மணி.
கம்ப்ரஸர் போட்டதும்
கீழே தறிச் சத்தம் நின்றுபோனது.
முதல் ஆணி
மரத்தின் முறுக்கோடு வளைந்து
பக்கவாட்டில் வெளியே வந்தது, மீன்முள் மாதிரி.
என் கட்டைவிரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி.
டீ போட்டுக் குடித்துவிட்டு
கைகளை எங்கே வைப்பதென்று
முதலிலிருந்து யோசித்தேன்.

வீட்டுக்காரர் கோதண்டராம் மேலே வந்தார்.
வணக்கம்கூடச் சொல்லாமல்
நாலு சுவரையும் உள்ளங்கையால் தடவினார்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல்.
ஒன்றுமில்லை.
அலமாரியைப் பிடித்து ஆட்டினார்.
ஆடவில்லை.
"இதுல ஆணி இருக்கா?"
"நூத்திப் பன்னெண்டு."
குனிந்து தேடினார், கண்ணாடியைக் கழற்றி மாட்டி.
பிறகு, நாற்காலிக்கால் ஒன்று
ஆடுவதாகச் சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.
கொண்டுவா என்று நான் சொல்லவில்லை.
கொண்டுவரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை.

உபரி ஓ-ரிங் மூன்று
அஞ்சறைப்பெட்டியில், வெந்தயத்துக்குப் பக்கத்தில்.
துப்பாக்கியை எடுக்கிற நாளெல்லாம்
காற்று நுழையும் வாயில் இரண்டு சொட்டு எண்ணெய்.
என் தலைக்கு அப்புறம்தான்.