மூன்று மாதத்து உப்பு

முதலில் ஆசிட் கேன்தான் காட்டிக்கொடுத்தது.
தூக்கினேன், காலி டிபன்பாக்ஸ் கனம்.
நான் ஒரு சொட்டு ஊற்றியதில்லை.
அதே வாரம் உனக்கும்
சோடா மூட்டையின் இடுப்பு சரிந்தது தெரிந்திருக்கிறது.
நீ கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

இருபதடிக்குப் பத்தடி.
சையத் பாஷா மலை தலைகீழாக
இறங்கி நிற்க அது போதும்.
தோத்தாபுரி நல்ல விலைக்குப் போன வருஷம் கட்டியது.
விளிம்புக்குப் பர்கூர் கறுப்புக் கல் பதித்தாய்.
ஆயிரத்து நூறு அடிக்குக் கீழிருந்து வந்த தண்ணீர்
மூன்றே வாரத்தில் அந்தக் கறுப்பின்மேல்
வெள்ளையாக ஒரு கோடு இழுத்தது.

காரம் ஜாஸ்தி என்றாய்.
மிளகாயைத் தவிர வேறெதற்கும்
அந்த வார்த்தையை நான் செலவழித்ததில்லை.
ஆல்கலினிட்டி இருநூற்று அறுபது, நூறு போதும்;
பிஎச் ஏழரை வேண்டும், என்று
ஆலை நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாய்.
ஏழரையை ஆசைப்பட்டு அழைத்த வீடு
கிருஷ்ணகிரியிலேயே நம்முடையதுதான்.
தரக்கட்டுப்பாடு திம்மராயன் என்று
கோட்டில் தைத்துக்கொண்டவன்,
பகலெல்லாம் மாங்கூழின் புளிப்பை அளந்து
நாலேகால் தாண்டினாலே டிரம்மை ஒதுக்குகிறவன்.
உனக்கு எப்படிப் பிடிக்கும் ஏழரை?

ராத்திரி நான் தூங்கியபின்
செருப்பில்லாமல் போயிருக்கிறாய்.
ஆழமான பக்கமாக, கால் லிட்டர்.
காலையில் உன் வண்டி காவேரிப்பட்டணம் கிளம்பியதும்
நான் குழாயில் தண்ணீர் பிடித்துச்
சிவப்புச் சொட்டு விட்டால்
மஞ்சள்.
உங்கள் ஆலைக் கூழ் மாதிரியே மஞ்சள்.
கண் எரியுமே, பம்பின் வயிற்றை அரிக்குமே என்று
இரண்டு டம்ளர் சோடா.
சாயங்காலம் நீ பார்க்கும்போது அது
ரோஜா நிறத்தில் உட்கார்ந்திருக்கும்.
திரும்பவும் ஆசிட்.
திரும்பவும் சோடா.
புளி தூக்கலென்று உப்பைப் போட்டு
உப்பு தூக்கலென்று புளியைக் கரைத்து
ஒரே அடுப்பில் இரண்டு சமையல்காரர்கள்,
முதுகைக் காட்டிக்கொண்டு.

இதற்கிடையில் நாம் பேசியவை:
பால் பாக்கெட், லாரி வாடகை,
உன் தங்கை மாதம்மாள் வீட்டுக் காதுகுத்துக்கு
மொய் எவ்வளவு.
பிஎச் பேச்சு வந்தால் மட்டும்
இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை
வலையால் மாவிலை அள்ளும்போது
கால் தவறி விழுந்தேன்.
ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனது.
உப்பு.
லேசாகத்தான், ஆனால் உப்பு.
கடலைப் பார்க்க ஐந்து மணி நேரம்
பஸ்ஸில் போகவேண்டிய ஊரில்.
மேலே வந்து மூக்கைச் சிந்தி
எவ்வளவு ஊத்தினே, என்றேன்.
எவ்வளவு போட்டே, என்றாய்.

அன்றைக்குத்தான் நோட்டைத் திருப்பிக் கணக்குப் போட்டாய்.
உன் ஆசிட்டும் என் சோடாவும் சந்தித்தால்
கொஞ்சம் காற்று, கொஞ்சம் தண்ணீர்,
மிச்சம் உப்பு.
பதினைந்து கிலோவுக்குக் குறையாது என்றாய்.
ஊறுகாய்க்காவது ஆகியிருக்கும் என்றேன்.

சோடாவைப் பரணில் ஏற்றினேன்.
ஆசிட் உன் பொறுப்புதான், ஆனால்
பட்டப்பகலில், அளந்து, நான் பார்க்க.
மஞ்சள் வந்தாலும் யாரும் கை வைக்கக்கூடாது.
தண்ணீர் வருகிற மூக்கை
வானம் பார்க்கத் திருப்பிவிட்டாய்.
அது குதித்து விழுந்து, குதித்து விழுந்து
உள்ளே அடைத்துவைத்த காற்றை விட்டது.
பிஎச் அதுவாக ஏறும், காரம் ஏறாது என்றாய்.
இரண்டாம் ராத்திரி எழுந்து உட்கார்ந்தாய்.
தண்ணி வேணுமா, என்றேன்.
படுத்துக்கொண்டாய்.
சும்மா இருக்க எவ்வளவு வேலை செய்யவேண்டியிருக்கிறது.

நேற்றுக் காரம் நூற்றுப்பத்து.
பிஎச் குழாயை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தாய்.
ஆரஞ்சு, என்றாய்.
சிவப்பு, என்றேன்.
வெயிலில் பார்த்தால் தெரியும் என்கிறாய்,
மணி ஒன்பதரைக்கு.