மீட்டர்

சில்க் போர்டில் மழை பிடித்த இரவு
நான் ஏறிய ஆட்டோவின் பின்சீட்டில்
ஏற்கெனவே ஒரு பயணி,
நனைந்த சாக்கு மாதிரி.
இறக்கிவிடவா என்றார் டிரைவர்.
வேண்டாம் என்றதற்கு
மீட்டருக்கு மேலே ஐம்பது கேட்டார்.
அதனால்தான் அந்தப் பெயர்.

அபார்ட்மென்ட் செயலாளர் புட்டசாமி
படிவம் நீட்டினார்.
பெயர், வயது, தடுப்பூசி.
நான்காவது கட்டம்: இனம்.
'ஜாதி நாயா மேடம், பீதி நாயா?'
கன்னடத்தில் வீதி, பீதி ஆகிவிடும்.
பொம்மனஹள்ளிக்கு வந்து ஒன்பது வருஷம்,
இன்னமும் அந்தச் சொல்
முதலில் தமிழில்தான் காதில் விழுகிறது.

ரூபன்தான் பெட்டியை வரவழைத்தான்.
விலை, இரண்டு மாதக் காய்கறி.
பஞ்சு சுற்றிய குச்சிகள் இரண்டு,
ஒன்று தவறினால் இன்னொன்று.
சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டுமாம்.
அப்படியொரு மணி நேரம்
மீட்டர் எங்களுக்குத் தந்ததே இல்லை.
கன்னத்துக்குள் விட்டுச் சுழற்றியபோது
கோழிக்கால் என்று நம்பி மென்றது.

ஐந்து வாரம் ஆளுக்கொரு ஆரூடம்.
வயிற்றின் ஒட்டலைப் பார்த்து
சிப்பிப்பாறை என்றான் ரூபன்.
காதைப் பார்த்து ஜெர்மன் ஷெப்பர்ட்
என்றாள் எதிர்வீட்டு மைத்ரேயி.
(காது ஒன்றரைதான். இடது நுனியை
கருத்தடைக்கு அடையாளமாக
மாநகராட்சி எடுத்துக்கொண்டது.)
பால்காரர் பல்லைப் பார்த்து
'நல்லா சாப்பிடும்' என்றார்.
அவர் சொன்னது மட்டும் பலித்தது.

மாரத்தஹள்ளி பாலத்தில் பஸ் நின்றபோது
போனில் வந்தது முடிவு.
எழுபத்தொரு சதவீதம் தெருநாய்.
பதினொன்று லாப்ரடார்.
ஆறு பொமரேனியன்.
எந்த பங்களாவின் கேட்
எந்த மதியம் திறந்து கிடந்ததோ.
மீதிப் பன்னிரண்டுக்குப் பெயரில்லை.

அன்றிரவு மிச்சக் குச்சியை
வாயருகே கொண்டுபோனான் ரூபன்.
'உங்கப்பா கேட்டாரே,
பையன் என்ன ஆளுங்கன்னு.
அனுப்பிடலாமா?'
நான் சிரித்தேன், அவனும் சிரித்தான்.
பிறகு குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்வரை
யாரும் பேசவில்லை.
குச்சி இப்போதும்
தைலப் புட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது,
உறை பிரிக்காமல்.

கொள்ளுப்பாட்டன் வரை போன அறிக்கை
போன வருஷத்தை எட்டவில்லை.

நேற்று சாயங்காலம் மழை.
பிரியாணி கொண்டுவந்த பையன்
நீல ரெயின்கோட்டில் வாசலில் நின்றான்.
மீட்டர் குரைக்கவில்லை.
வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே
என் கை நுழையாத இடத்தில்
முழு உடம்பையும் நுழைத்துக்கொண்டது.
தரையில் சாய்ந்து உட்கார்ந்து
கறித்துண்டு ஒன்றை உள்ளே தள்ளினேன்.
அது மூச்சு விடுவது
மெஷின் தகரத்தில் கேட்டது.
கறி அப்படியே கிடந்தது.

காலையில் படிவத்தை முடித்துக் கொடுத்தேன்.
நான்காவது கட்டத்தில்
புட்டசாமி சொன்ன இரண்டில் இரண்டாவது சொல்.
தமிழில் எழுதினேன்.