மூன்று ஆடு, நான்கு டயர்

காரா-சூ சந்தையில் கண்டெய்னர் மேல் கண்டெய்னர்.
கீழது கடை, மேலது கிடங்கு.
என் சட்டைப்பைக்குள் மூன்று ஆடுகள்
நோட்டாக மடிந்து கிடக்கின்றன:
கறுப்புமூக்கி,
பின்னங்கால் இழுப்பவள்,
வால் கொழுத்த அந்த முரட்டுக் கிடா.
விற்ற கையில் இன்னும் கம்பளி வாடை.

எனக்கு வேண்டியது நான்கு டயர்.
கணக்கு அங்கேயே உதைக்கிறது.

கொழுந்தன் ஊர்மாத்
கேட்காமலே கூட வந்திருக்கிறான்.
வெள்ளை எழுத்துப் போட்ட ஜப்பான் டயரைத்
தடவிக்கொண்டே நிற்கிறான்,
பல்லைப் பார்க்காமல் குதிரை வாங்க வந்தவன் போல.
"பேருக்கே காசு கொடுக்கலாம் அண்ணி."
பேர் பாறையில் ஏறாது என்றேன்.
அதுவும் பாதி தேய்ந்தது.
பட்டன் இடுக்கில் யாருடைய ஊர்க் கல்லோ
இன்னும் சிக்கியிருக்கிறது.

பக்கத்தில், வாயில் நுழையாத பேரோடு
சீனத்து டயர். புதிது. பாதி விலை.
கடைக்காரர் ஷவ்கத் பச்சைத் தேநீர் நீட்டுகிறார்,
மரியாதைக்கு அரைக் கிண்ணம் மட்டும் ஊற்றி.
விலையையும் அதே மரியாதையோடு
சொல்லக் கூடாதா என்றேன்.

குனிந்து பக்கச்சுவரில் நான்கு இலக்கம் தேடினேன்.
இருபத்து நான்காம் வருடம்,
இருபத்து மூன்றாம் வாரம்.
அந்த வாரம்
மந்தையைக் கோடை மேய்ச்சலுக்கு
ஏற்றிக்கொண்டிருந்தோம்.
கறுப்புமூக்கி வழியில்தான் ஈன்றாள்.
அதே வாரம் எங்கோ ஓர் அச்சிலிருந்து
இதுவும் சூடாக விழுந்திருக்கிறது.

நகத்தால் அழுத்தினேன். பள்ளம் எழுந்து வந்தது.
"மழையில்?"
"பிடிக்கும்."
"பனியில்?"
"ம். பிடிக்கும்."
"ஐஸில்?"
ஷவ்கத் தேநீரைப் பார்த்தார்.
அந்த மௌனத்துக்காகத்தான் அவரிடம் வாங்கினேன்.

கையிலிருந்தது மூன்றுக்குத்தான் போதும்.
"மூணு புதுசு, ஒண்ணு பழசு.
யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறான் ஊர்மாத்.
பஜேரோவுக்குத் தெரியும்.
நாலு காலும் ஒரே உயரமில்லாவிட்டால்
வயிற்றுக்குள் இருக்கும் கியர்ப்பெட்டி
பல்லைக் கடிக்கும்; ஒருநாள் உதிர்க்கும்.
என் புருஷனும் வண்டிதான் ஓட்டுகிறான், மாஸ்கோவில்,
டாக்சி. அவனுக்கு டயரைக் கம்பெனி கொடுக்கிறது.
எனக்கு ஷவ்கத் கொடுத்தார்:
நான்காவது கடன், செப்டம்பர் முடியும் வரை.
என் பேரை எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டார்.

தார் ரோட்டில் முனகிக்கொண்டே வந்தது வண்டி.
தல்திக் கணவாயின் கடைசி வளைவு வரை
ஊர்மாத் அதைக் குறை சொல்லிக்கொண்டே வந்தான்.
இரண்டு முனகலையும் கேட்டபடி ஓட்டினேன்.

மறுவாரம்
சாரி-மோகோலிலிருந்து ஏரிக்கு,
பின்சீட்டில் மலையேற வந்த இருவர்,
கதவுக் கைப்பிடியில் நான்கு கை.
ஆற்றுப்படுகை தொட்டதும்
முனகல் நின்றது.
கல்லைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு
வேலை பார்க்கிற சாதி இது.

முன்னால் இடப்பக்கம் கிடா,
மண்ணை முட்டித் தள்ளுகிறான்.
வலப்பக்கம் கறுப்புமூக்கி.
பின்னால், வேறு யார்,
கால் இழுப்பவள்தான்
ஆகஸ்டில் கூர்ங்கல் ஒன்றை மிதித்தாள்.
முழங்கால் மண்ணில் ஊன்றி
ஒட்டுத்திரி செருகி, எச்சில் தடவி,
குமிழி வருகிறதா என்று பார்த்தேன்.
வரவில்லை. எழுந்து ஓடினாள்.

நான்காவதற்குப் பேர் இல்லை.
இதுவரை ஒரு முள்கூட ஏறவில்லை அதில்.
கடன் பஞ்சராவதில்லை.

செப்டம்பர் முடிய இன்னும் பதினோரு நாள்.
ஐந்து நடை கிடைத்தால் அடைத்துவிடுவேன்,
பனி முந்திக்கொள்ளாவிட்டால்.
இன்று காலை கண்ணாடியைச் சுரண்டும்போது
ஏரிப் பாதை வெளுத்துக் கிடந்தது.

ஐஸைப் பற்றிக் கேட்டதற்கு
ஷவ்கத் இன்னும் பதில் சொல்லவில்லை.